ஒரு ஸ்டாப் கூடுதல்

ஆம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் போட்டோவையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா அதை மடியில் வைத்திருந்தாள். நான் காபித் தட்டோடு உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள்.

"பொண்ணு எங்கம்மா?"

"இவதாங்க பொண்ணு. தனக்கோடி" என்றாள் அம்மா.

"போட்டோவுல வேற மாதிரி இருக்குதே."

பஜ்ஜி சாப்பிட்டார்கள், மழை பற்றிப் பேசினார்கள், போய்விட்டார்கள். பதில் வரவில்லை. நான் அடுத்த நாளே வாணியம்பாடியில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

அது 2004. பொம்மசந்திராவில் ஒரு துணி ஃபேக்டரியில் எனக்கு வேலை. ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே லேடீஸ் ஹாஸ்டல். ஒரே அறையில் என்னோடு தும்கூர்க்காரி ஷில்பா இருந்தாள். அவளுக்கும் என் செக்ஷனில்தான் வேலை. ஹாஸ்டலில் இருந்த தமிழ்ப் பெண்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள்.

அந்தப் போட்டோவை எடுத்தவர் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ரெமிஜியஸ் அண்ணா. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான கோவிந்தப்பா மாமாவின் வீடு அதே தெருவில். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அவர்தான். ஆம்பூர் இடம் தவறிப்போன பிறகு இரண்டு மாதம் சும்மா இருந்தவர், பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு இடம் கொண்டு வந்தார். பையன் பெயர் பிரகாஷ், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறான், கெட்ட பழக்கம் இல்லை. பையனின் போட்டோ முதலில் வந்தது. ஸ்டுடியோவில் கோட்டு போட்டு எடுத்தது. ஆள் பளபளவென்று இருந்தார்.

"பழைய போட்டோ இன்னொரு காப்பி பெட்டியில இருக்குது. அதையே குடுத்துடட்டுமா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"வேணாம்மா. நான் புதுசா எடுத்து அனுப்புறேன்."

"அதுல நல்லாத்தானடி இருக்க."

"அதனாலதாம்மா வேணாம்."

வேண்டாம் என்கிறவர்கள் போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, கதவைப் பார்த்து, சொல்ல வேண்டாம். இன்னொரு தடவை அந்தக் காபித் தட்டை என்னால் தூக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஷில்பாவையும் கூட்டிக்கொண்டு ஒக்கலிபுரம் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டுடியோவுக்குள் போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணா, எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும். நான் இருக்கிற கலர்லயே எடுக்கணும்" என்றேன்.

ரெமிஜியஸ் அண்ணா கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். காலையில் மாதா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"இருக்கிற கலர்னா?"

"போன தடவை நான் சிவப்பா வந்துட்டேன்."

"அது இன்னாம்மா கம்ப்ளெயின்ட்டு? கருப்பா வந்துட்டேன்னு அழுதவங்களப் பாத்திருக்கேன். இது புதுசா இருக்குது."

"எப்படிண்ணா சிவப்பா வந்துச்சு?"

அவர் லென்ஸின் வளையத்தைத் திருப்பி அதில் இருந்த எண்களைக் காட்டினார்; எண் குறையக் குறைய உள்ளே துளை பெரிதாகுமாம். ஸ்டுடியோ விளக்குக்கு எட்டில் வைத்தால் சரியாக இருக்குமாம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்றால் அவர் கை தானாக ஐந்து புள்ளி ஆறுக்குப் போய்விடும். ஒரு ஸ்டாப் தெறந்துவிடுவது என்று அதற்குப் பெயர். வெளிச்சம் இரண்டு மடங்கு உள்ளே போகும், முகம் வெளுக்கும். ஃபிலிம் அதையெல்லாம் தாங்கிக்கொள்ளும் என்றார்.

"இந்த ஒரு ஸ்டாப்ல எத்தனை கல்யாணம் நடந்திருக்கு தெரியுமா?"

"எத்தனை நின்னுருக்கு?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நின்னவங்க திரும்பி வந்து சொல்லுவாங்களா?"

"நான் வந்திருக்கேனே."

அவர் கேமராவைத் துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "சரி, உக்காரு. எட்டுலயே எடுக்கறேன். நாளைக்கு எம்மேல பழி போடாத" என்றார்.

அடுத்த வாரம் போய்ப் பிரிண்டை வாங்கினோம். கருப்புத் திரை, அரக்குச் சேலை, நடுவில் நான். மறுபடியும் சிவப்பு. சேலை தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது.

"அண்ணா."

"மாதா சத்தியமா எட்டுலதாம்மா எடுத்தேன். பிரிண்ட் போடற லேப்ல மிஷின் ஏத்திடுச்சு. படத்துல கருப்பு ஜாஸ்தியா இருந்தா, பாவம் இருட்டுல எடுத்துட்டான்னு நெனச்சு அதுவா வெளிச்சத்த ஏத்தி அடிக்கும். நான் ஒழுங்கா எடுத்தாலும் அது வுடாது."

"லேப்ல சொல்ல முடியாதா?"

"ஞாயித்துக்கிழமை வந்து விழுற ஃபிலிம் ரோலப் பாத்திருக்கியா நீ? ஒரு பொண்ணு மூஞ்சிக்காக எவன் மிஷின நிறுத்துவான்?"

ஷில்பா பிரிண்டை வாங்கி வாசலுக்குக் கொண்டு போய், வெயில் படாத இடத்தில் என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கள் செக்ஷனில் நாளெல்லாம் செய்கிற வேலை அதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு துண்டுத் துணியைப் பார்த்து, இதுதான் நிறம் என்று பின்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பும். சாயப் பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொரு ரோலையும் அந்தத் துண்டோடு சேர்த்து ஒரே விளக்கின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப் போகவில்லை என்றால் ரோல் திரும்பிப் போகும்.

"ரிஜெக்ட்" என்றாள் ஷில்பா.

ரெமிஜியஸ் அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீரோவைத் திறந்து புது டிஜிட்டல் கேமராவை எடுத்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழுத்தில் மாட்டும் வாரை இன்னும் கோக்கவில்லை, பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஸ்டுடியோ விளக்கை அதோடு சேர்க்கும் ஒயர் வரவில்லை என்பதால் வாசலில் வந்து விழும் வெளிச்சத்திலேயே உட்காரச் சொன்னார். என் பின்னால் கருப்புத் திரையைத் தொங்கவிட்டார். கேமராவின் மேலே இருந்த சக்கரத்தை ஆட்டோ என்கிற பச்சைக் கட்டத்துக்குத் திருப்பினார்.

"இதுல லேப்பு கெடையாது. எல்லாம் கேமராவே பாத்துக்கும். நாம யோசிக்கவே வேணாம்."

எடுத்து, கேமராவின் பின்னால் இருந்த சின்ன ஸ்கிரீனில் காட்டினார். முகம் பால் ஊற்றியது போல இருந்தது. ஆம்பூர் போட்டோவை விட மோசம்.

"கருப்புத் திரைய மாத்தலாம்" என்று வெள்ளைத் திரையைக் கட்டினார். மறுபடி எடுத்தார். இந்தத் தடவை திரை சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. என் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

"இதுவும் நான் இல்லண்ணா."

"சிவப்பா எடுத்தாலும் சண்ட, கருப்பா எடுத்தாலும் சண்ட. பேஜாராப் போச்சும்மா உன்னோட."

அம்மா இந்த வாரம் போட்டோ வரவில்லை என்றால் பெட்டியைத் திறந்துவிடுவாள். பழைய காப்பி பங்காருப்பேட்டைக்குப் போகும். அங்கே ஒரு அக்கா இருப்பாள், அவளும் கதவைப் பார்ப்பாள்.

"திரை மாறுனா என் மூஞ்சி ஏண்ணா மாறுது? நானும் அங்கயேதான் உக்காந்திருக்கேன், வெளிச்சமும் அதேதான்."

"அது அப்பிடித்தாம்மா. கேமராக்கு நீ யாரு, திரை யாருன்னு தெரியாது. மொத்தமாப் பாத்து, கருப்பா இருந்தா வெளுக்கும், வெள்ளையா இருந்தா கருக்கும்."

"அப்போ அது லேப் மிஷின் மாதிரிதான்."

அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா" என்றார். "அதே கழுததான். சின்னதா பண்ணி உள்ள வச்சிருக்கான்."

"ஃபிலிம் கேமராவுல நீங்களே வைப்பீங்களே. இதுல அப்பிடி வைக்க முடியாதா?"

"மேனுவல் இருக்குது. எம் போட்டு வச்சா ஸ்டாப்பு, ஷட்டர் வேகம் எல்லாம் நம்ம கையில." சக்கரத்தைத் தொட்டார், திருப்பவில்லை. "அது வேணாம்னுதானம்மா இத வாங்குனதே. அதுல தப்பு வந்தா என் தப்பு ஆயிடும். ஆட்டோல வந்தா கேமரா தப்பு."

"ஹௌதா, அப்படியா?" என்றாள் ஷில்பா. "எங்க ஃபேக்டரிலயும் அப்படித்தான். மிஷின் மேல சொல்லிட்டுப் போயிடுவாங்க."

ரெமிஜியஸ் அண்ணா அவளை முறைத்தார். பிறகு சக்கரத்தை எம்முக்குத் திருப்பினார்.

"மூணு எடுக்கலாம்ணா" என்றேன். "ஒன்னு வெளிச்சம் கூட, ஒன்னு நடுவுல, ஒன்னு கம்மி. ஷட்டர மட்டும் மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. ரெண்ட ஒன்னா மாத்துனா எதனால மாறுச்சுன்னு தெரியாது."

"சரிங்க மேடம். மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைக்கிறீங்களா? கோர்ட்ல நிக்கிற மாதிரி இருக்குது."

எடுத்தார். ஸ்டுடியோவிலேயே இருந்த பிரிண்டரில் மூன்றையும் அடித்தார். கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றும் பொத்தான் மேல் அவர் விரல் தானாகப் போனது. நான் பார்ப்பதைப் பார்த்து விரலை எடுத்துக்கொண்டார்.

ஷில்பா மூன்றையும் வாசலுக்குக் கொண்டு போனாள். ஒவ்வொன்றாக என் கன்னத்தோரம் பிடித்தாள். ஃபேக்டரியில் செய்வது போலவே ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இது உன் தங்கச்சி" என்று ஒன்றைத் தள்ளி வைத்தாள். "இது கரண்ட் போனப்போ நீ." கடைசியாக நடுவில் எடுத்ததைப் பிடித்தாள். ரெமிஜியஸ் அண்ணாவும் எழுந்து வந்து பார்த்தார்.

"இது நீ" என்றாள் ஷில்பா.

நான் சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் போய் அதைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சேலை அரக்கு நிறத்தில் இருந்தது. நெற்றியில் சின்ன வயதில் பட்ட காயத்தின் தழும்புகூட இருந்தது. நான் கேட்டது அதுதான். ஆனாலும் சந்தோஷமாக இல்லை. எல்லோரோடும் இத்தனை சண்டை போட்ட பிறகும், நான் இதை விடக் கொஞ்சம் வெளுப்பு என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

"வேணாம்னா சொல்லு. இன்னும் நேரம் ஆகல, ஒரு ஸ்டாப் ஏத்தித் தரேன்" என்றார் ரெமிஜியஸ் அண்ணா. கிண்டலாகச் சொல்லவில்லை.

"இதுவே இருக்கட்டும்ணா."

ஷில்பா பேனாவை வாங்கிப் பின்பக்கத்தில், ஃபேக்டரித் துணித் துண்டில் போடுகிற மாதிரியே ஒரு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வேறு பிரிண்ட் அடிக்கலாம் என்று அண்ணா டப்பாவைத் திறந்தார், பேப்பர் தீர்ந்துவிட்டிருந்தது. அதையே கவரில் போட்டு அம்மாவுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினாள்.

"இன்னாடி இது, இவ்ளோ கருத்துட்ட? வெயில்ல அலையறியா?"

"நான் எப்பவும் இப்படித்தாம்மா இருக்கேன்."

"பின்னாடி யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. யார்றீ அது?"

"ஷில்பா. சும்மா போட்டா. அம்மா, இதையே குடுத்துடு, பழச எடுக்காத."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

அடுத்த தடவை போன் செய்தபோது, போட்டோ கொடுத்தாகிவிட்டது என்றாள். எதைக் கொடுத்தாய் என்று கேட்டேன். "போட்டோவத்தான் குடுத்தேன். உன் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் ஷேடு சரியாக இருந்த ஒரு ரோலை நான் திருப்பி அனுப்பிவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

பங்காருப்பேட்டையில் சரி சொன்னார்கள். வீட்டுக்கு வந்து முறையாகப் பார்ப்பதற்கு முன்னால் பையனும் பெண்ணும் ஒரு தடவை கோயிலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோவிந்தப்பா மாமா ஏற்பாடு செய்தார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். தற்செயலாகச் சந்தித்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சாமி கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் அவமானம் இல்லை.

"ஒக்கலிபுரம் அம்மன் கோயில்ல, செருப்பு விடற எடத்துல நில்லு. பாத்த மாதிரியும் இருக்கணும், பாக்காத மாதிரியும் இருக்கணும்" என்றார் மாமா.

நானும் ஷில்பாவும் போய் நின்றோம். பையனின் போட்டோவைக் கைப்பையில் வைத்திருந்தேன். அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எந்தப் போட்டோ போயிருக்கிறது என்று இன்னும் தெரியாது. பழையது போயிருந்தால் அவர் வந்து, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை, நல்ல கூட்டம். நீலச் சட்டை போட்ட ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். நான் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தேன். கோட்டுப் போட்டோவில் இருந்தவரைப் போல யாரும் வரவில்லை. நீலச் சட்டைக்காரர் மறுபடியும் பார்த்தார். நான் நகர்ந்து நின்றுகொண்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அவர் நேராக என்னிடம் வந்தார்.

"தனக்கோடிங்களா?"

"ஆமா. நீங்க?"

"பிரகாஷ்."

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "போட்டோவுல வேற மாதிரி இருந்தீங்களே."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கு உறைத்தது. ஷில்பா என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எந்தப் போட்டோ குடுத்தாங்க?"

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, "அய்யோ, இதையா?" என்றார். "இது லைசென்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுங்க. கோட்டு ஸ்டுடியோக்காரரோடது. இதக் குடுக்காதன்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருந்தேன்."

"எங்கம்மாகிட்டயும் நான் சொல்லியிருந்தேன். உங்களுக்கு எது வந்துச்சு?"

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு போட்டோவை எடுத்தார். ஒன்று ஆம்பூர் போட்டோ. இன்னொன்று வாசல் வெளிச்சத்தில் எடுத்தது.

"ரெண்டும் ஒரே கவர்ல வந்துச்சு. எங்கம்மா அக்கா தங்கச்சின்னு நெனச்சுட்டாங்க. எந்தப் பொண்ணக் கேக்கறதுன்னு வீட்ல ஒரு நாள் முழுக்கப் பேச்சு. நாந்தான் ரெண்டுலயும் தழும்பு இருக்குதான்னு பாத்தேன். ஒன்னுல மட்டும்தான் இருந்துச்சு."

"அப்போ ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"முடிவு பண்ணலீங்க. இந்த ஆளுக்குச் சரின்னு சொன்னேன்." வாசல் போட்டோவைக் காட்டினார். "அந்த வெளுத்ததுல உங்களுக்கு மூக்கே இல்ல. இதுக்குப் பின்னாடி யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க, யாருங்க அது?"

"நானே" என்றாள் ஷில்பா. "குவாலிட்டி."

சாமி கும்பிட்டோம். வெளியே வந்து டீ குடித்தோம். அவர் டீ கிளாஸை நீட்டியபோதுதான் கவனித்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். இடது கை ஒரு நிறம், வலது கை இரண்டு ஷேடு கூடுதல் கருப்பு. என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"ஜன்னல் பக்கத்துக் கைங்க" என்றார். "ஓசூர் ரோட்ல டிராஃபிக்ல நின்னா அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும்." சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கொண்டு போனார். ஆம்பூர்க்காரர்கள் போன பிறகு நானும் அப்படித்தான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா சொன்ன மாதிரி, பிடிக்கவில்லை என்றால் இப்போதே போய்விடலாம். ஷில்பா டீக்கடைக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்கு உங்க போட்டோ ஒன்னு வேணும்" என்றேன். "இப்ப இருக்கிற மாதிரி. எங்கம்மா இந்தக் கோட்டு ஆளத்தான் எதிர்பாத்துட்டு இருப்பாங்க. நீங்க வந்தா கதவப் பாப்பாங்க."

"கதவ எதுக்குப் பாப்பாங்க?"

"வாங்க, சொல்றேன். பக்கத்துத் தெருவுலதான் ஸ்டுடியோ."

ரெமிஜியஸ் அண்ணா எங்களைப் பார்த்ததும் வாசலில் ஸ்டூலைப் போட்டார். கேமராவை எடுத்து, சக்கரத்தை எம்முக்குத் திருப்பிவிட்டு, எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு தடவை காட்டினார். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டிருந்தார்.

"தம்பி, கல்யாண போட்டோன்னா நான் வழக்கமா ஒரு ஸ்டாப் ஏத்துவேன்."

பிரகாஷ் என்னைப் பார்த்தார். "வேணாங்க" என்றார்.

அண்ணா மூன்று எடுத்தார், மூன்றையும் அடித்தார். ஷில்பா மூன்று பிரிண்டையும் சீட்டுக்கட்டு மாதிரி பிடித்துக்கொண்டு பிரகாஷ் முன்னால் போய் நின்றாள். கன்னத்தோரம் வைக்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, கையோடு வைத்துப் பார்க்கலாம் என்று குனிந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"தனா, எந்தக் கையோட மேட்ச் பண்றது?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் வலது கையை நீட்டினார்.